எந்தப் பக்கம் மொட்டு விடுவது என்று ஈஸ்ட் எப்படி முடிவு செய்கிறது?

நுண்ணுயிரியல் படிக்கிற ஒரு மாணவி கேட்ட கேள்வி இது: "ஈஸ்ட் ஒரு சின்ன உருண்டை. கண் இல்லை, நரம்பு இல்லை, மேலே கீழே என்று எதுவும் இல்லை. எந்த இடத்தில் மொட்டு விடுவது என்று எப்படி முடிவு செய்கிறது? ஒரு நேரத்தில் ஏன் ஒரே ஒரு மொட்டு? சில பூஞ்சைகள் மட்டும் நூல் மாதிரி நீண்டு வளர்வது எதனால்? காலேஜ் லேபிலேயே இதைப் பார்க்க முடியுமா?" பாடப் புத்தகத்தில் "மொட்டு விடுதல் மூலம் இனப்பெருக்கம் செய்கிறது" என்று ஒரு வரியும் ஒரு படமும்தான் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல பேருடைய வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. நானும் ஆறு வருஷம் ஈஸ்ட் ஆய்வகத்தில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் வரைபடம் எதுவும் கிடையாது. ஒரு சின்னப் புரதம் செல் சவ்வில் ஏதோ ஒரு இடத்தில் கூட்டமாகச் சேர்கிறது. சேர்ந்த கூட்டம் இன்னும் கூட்டத்தை இழுக்கிறது, மற்ற இடங்களில் இருந்ததையும் காலி செய்துவிடுகிறது. கூட்டம் சேர்ந்த இடத்தில் மட்டும் புதுச் சுவர் கட்டப்படுகிறது. அந்தக் கட்டுமானம் எத்தனை இடத்தில், எவ்வளவு அகலத்தில், எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதைப் பொறுத்து செல் உருண்டையாகவோ கம்பு மாதிரியோ நூல் மாதிரியோ ஆகிறது.

சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் சுவரை மறந்துவிட்டு நேராக மரபணுவுக்குப் போய்விடுகிறார்கள். நம் உடம்பு செல்லுக்கு சவ்வு மட்டும்தான். பூஞ்சை செல்லுக்கு சவ்வுக்கு வெளியே கெட்டியான சுவர் ஒன்று உண்டு: பீட்டா குளுக்கான் என்கிற சர்க்கரைச் சங்கிலிகள், அதன் மேல் மேனோஸ் சர்க்கரை ஏற்றிய புரதங்கள், அங்கங்கே கைட்டின், அதாவது இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். செல்லின் உட்பகுதி வெளியில் இருக்கிற திரவத்தைவிட அடர்த்தியானது, அதனால் தண்ணீர் எப்போதும் உள்ளே வரப் பார்க்கும், செல் எப்போதும் உள்ளிருந்து சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சைக்கிள் டயரையும் டியூபையும் நினைத்துக்கொள்ளுங்கள். டியூப்தான் சவ்வு, டயர்தான் சுவர். காற்றழுத்தம் டியூப் முழுக்க ஒன்றுதான், ஆனால் டயரில் ஒரு இடம் நைந்து போனால் டியூப் அந்த வழியாக மட்டும் புடைத்துக்கொண்டு வரும். ஈஸ்ட் இந்தப் புடைப்பைக் கட்டுப்பாட்டோடு செய்கிறது. ஒரு இடத்தில் பழைய சுவரைத் தளர்த்திக்கொண்டே, அதே வேகத்தில் புதுச் சுவரையும் அங்கே சேர்க்கிறது. தளர்த்துவது அதிகமானால் செல் வெடித்துவிடும், சேர்ப்பது அதிகமானால் சுவர் தடித்து வளர்ச்சி நின்றுவிடும்.

உருவம் சுவரில்தான் இருக்கிறது என்பதை நான் புத்தகத்தில் படித்தபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் கம்பு வடிவ ஈஸ்ட்டை (அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்) சார்பிட்டால் கரைசலில் போட்டு, சுவரைக் கரைக்கிற நொதியைச் சேர்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் ஒரு செல்லின் முனையில் ஓட்டை விழுந்து, உள்ளே இருந்தது மெதுவாக வெளியே வழுக்கி வந்தது, நுங்கைத் தோண்டி எடுக்கிற மாதிரி. வெளியே வந்தது சுத்தமான உருண்டை. பக்கத்தில் காலி உறை மட்டும் கம்பு வடிவத்திலேயே கிடந்தது. அதே செல், அதே மரபணுக்கள், அதே புரதங்கள், சுவர் போனதும் உருவமும் போய்விட்டது. (சார்பிட்டால் போட மறந்து வெறும் தண்ணீரில் இதைச் செய்தால் அழுத்தம் தாங்காமல் எல்லாமே வெடித்துவிடும். நான் ஒரு முறை செய்திருக்கிறேன்.)

சரி, எந்த இடத்தில் தளர்த்துவது என்று யார் சொல்கிறார்கள்? இங்கேதான் சிடிசி42 வருகிறது. இந்தப் பெயர் வந்த கதை தெரிந்தால் அது செய்கிற வேலையும் பாதி புரிந்துவிடும். லேலண்ட் ஹார்ட்வெல் அமெரிக்காவில் ரொட்டி ஈஸ்ட்டை வைத்து ஒரு பெரிய தேடல் நடத்தினார். குறைந்த சூட்டில் நன்றாக வளர்ந்து, சூடு கூடினால் செல் பிரிதலின் ஏதோ ஒரு கட்டத்தில் மட்டும் சிக்கி நிற்கிற மியூட்டன்ட்களை, அதாவது ஏதோ ஒரு மரபணு மாறிப்போன செல்களை, பொறுக்கி எடுத்தார். 'செல் பிரிதல் சுழற்சி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் சிடிசி, பின்னால் வருவது வரிசை எண். 2001-ல் பால் நர்ஸ், டிம் ஹன்ட் இருவரோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் வந்த கண்டுபிடிப்புகளுக்குத்தான். அந்தப் பட்டியலில் 1990-ல் ஜான் பிரிங்கிளின் குழு சேர்த்தது சிடிசி42. இந்த மியூட்டன்ட்டை 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் மொட்டு வருவதே இல்லை. ஆனால் வளர்ச்சி நிற்கவில்லை, செல் எல்லாப் பக்கமும் ஊதிக்கொண்டே போகிறது. உள்ளே உட்கரு மட்டும் பிரிகிறது, ஒரே பெரிய உருண்டைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உட்கருக்கள்.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வளர்வது வேறு வேலை, ஒரு பக்கமாக வளர்வது வேறு வேலை என்று அந்த ஒரு மியூட்டன்ட் பிரித்துக் காட்டிவிட்டது. சுவர் கட்டுகிற கொத்தனார்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இடம் காட்டுகிற மேஸ்திரியைத்தான் காணோம். அதைவிட எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது, மனிதனுடைய சிடிசி42 புரதம் ஈஸ்ட்டுடையதோடு கிட்டத்தட்ட 80 சதவீதம் ஒத்துப்போகிறது, மனித மரபணுவை அந்த மியூட்டன்ட்டுக்குள் போட்டால் ஈஸ்ட் பிழைத்து மொட்டு விடுகிறது என்பதுதான். நம் நரம்பு செல்லுக்கும் குடல் சுவர் செல்லுக்கும் திசை காட்டுகிற வேலையில் இதே புரதம் இருக்கிறது.

சிடிசி42 ஒரு ஸ்விட்ச் மாதிரி. ஆன் ஆனால் சவ்வில் ஒட்டிக்கொண்டு மற்ற புரதங்களைக் கூப்பிடும், ஆஃப் ஆனால் சவ்வை விட்டுக் கழன்று செல்லின் உள் திரவத்துக்குப் போய்விடும். அதை ஆன் செய்கிற புரதத்துக்குப் பெயர் சிடிசி24. இப்போது முக்கியமான ஆள் பெம்1. இது ஒரு கையில் ஆன் ஆன சிடிசி42-ஐயும் (இடையில் இன்னொரு புரதத்தின் மூலமாக) இன்னொரு கையில் சிடிசி24-ஐயும் பிடித்துக்கொள்கிறது. விளைவு என்ன? எங்கே ஒரு சிடிசி42 தற்செயலாக ஆன் ஆகிறதோ, அங்கே பெம்1 வரும், கூடவே சிடிசி24-ஐயும் கூட்டிவரும், அது பக்கத்தில் இருக்கிற சிடிசி42-ஐ ஆன் செய்யும், அது இன்னும் பெம்1-ஐக் கூப்பிடும். பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டீக்கடை இருந்தால் கூட்டம் இருக்கிற கடைக்கே கூட்டம் போகும் இல்லையா, அதே கதை.

ஒரே மொட்டு ஏன் என்பதற்கும் பதில் இந்த டீக்கடையிலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஆட்கள் மொத்தம் இவ்வளவுதான். ஒரு கடையில் நாலு பேர் கூடினால் இன்னொரு கடையில் நாலு பேர் குறைய வேண்டும். சவ்வில் ஒட்டியிருக்கிற புரதம் சேற்றில் நடக்கிற மாதிரி மெதுவாகத்தான் நகரும், ஆனால் கழன்று உள் திரவத்துக்கு வந்துவிட்டால் நொடிகளில் செல்லின் எந்த மூலைக்கும் போய்விடும். அதனால் செல்லின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கூட்டம் உருவானால், இரண்டும் ஒரே பொதுக் கையிருப்பிலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. கொஞ்சம் பெரிய கூட்டம் கொஞ்சம் வேகமாக எடுக்கும், சின்னது கரையும், கரைந்தது பெரியதுக்கே போய்ச் சேரும்.

பெம்1-ஓடு ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டி வைத்து சில நொடிக்கு ஒரு படமாக எடுத்தால் இந்தப் போட்டியைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் செல்லின் ஓரம் முழுக்க மங்கலாக இருக்கும். திடீரென்று ஒரு இடத்தில் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் இன்னொரு புள்ளி. இரண்டும் சிறிது நேரம் மின்னும், எது நிற்கும் என்று சொல்லவே முடியாது. பிறகு ஒன்று மங்க ஆரம்பிக்கும், அது மங்க மங்க மற்றது பிரகாசமாகும். ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். டேனியல் லியூவின் குழு 2009-ல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். பெம்1-ஐச் சவ்விலிருந்து சுலபமாகக் கழல விடாமல், சவ்வுக்குள்ளேயே பதிந்திருக்கிற இன்னொரு புரதத்தோடு இணைத்துவிட்டார்கள். ஆட்கள் கடை விட்டுக் கடை மாறுவது மெதுவாகிவிட்டது, போட்டி முடிவதற்குள் மொட்டு விட வேண்டிய நேரம் வந்துவிட்டது, சில செல்கள் ஒரே நேரத்தில் இரண்டு மொட்டு விட்டன! ஒரு மொட்டு என்கிற விதி எந்த மரபணுவிலும் எழுதி வைத்ததில்லை, போட்டியின் வேகத்திலிருந்து வருகிற முடிவு அது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து கிடையாது. ஆலன் டூரிங் 1952-ல், வெவ்வேறு வேகத்தில் பரவுகிற இரண்டு வேதிப்பொருட்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தாலே ஒரே சீரான பரப்பில் புள்ளியும் கோடும் தானாக உருவாகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கின் நெருங்கிய சொந்தம் ஒன்று ஐந்து மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) உருண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதைப் படித்தால் ஈஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று தோன்றும். இயற்கையில் அப்படி விடுவதில்லை, ஒரு சின்னக் குறிப்பு கொடுக்கப்படுகிறது. மொட்டு பிரிந்து போன இடத்தில் தாய் செல்லின் சுவரில் ஒரு வடு நிற்கும், கைட்டின் வளையம், நம் தொப்புள் மாதிரி. சலவைத் தூளில் வெள்ளையைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சேர்ப்பார்களே ஒளிர் சாயங்கள், அந்த வகையைச் சேர்ந்த கால்கோஃப்ளோர் என்ற சாயத்தைப் போட்டு புற ஊதா ஒளியில் பார்த்தால் வடுக்கள் நீல வளையங்களாக ஒளிரும். எத்தனை வளையமோ அத்தனை பிள்ளை. ஒரு தாய் செல் சாவதற்குள் சராசரியாக இருபது இருபத்தைந்து மொட்டு விடும். ராத்திரி நேரத்தில் இருட்டறையில் உட்கார்ந்து இந்த வளையங்களை எண்ணுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒற்றைக் குரோமோசோம் தொகுதி உள்ள செல்களில் வளையங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி, வளையல் அடுக்கிய மாதிரி ஒரே பக்கத்தில் இருக்கும். இரட்டைத் தொகுதி உள்ள செல்களில் இரண்டு முனைகளிலும் கொத்தாக இருக்கும்.

ஜான் சாண்ட், ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸ் இருவரும் 1991-ல் இந்த ஒழுங்கைக் கெடுக்கிற மியூட்டன்ட்களைக் கண்டுபிடித்தார்கள். பட்1 என்ற மரபணுவை எடுத்துவிட்டால் வளையங்கள் செல்லின் மேல் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த செல்கள் நலமாக இருக்கின்றன, ஒரு நேரத்தில் ஒரே மொட்டுதான் விடுகின்றன, மொட்டின் உருவத்திலும் குறை இல்லை. பழைய வடு இருந்த இடத்தின் அடையாளத்தை பட்1 போய் சிடிசி24-இடம் சொல்லும், சொன்னால் போட்டி அந்த இடத்துக்குச் சாதகமாகச் சாயும். சொல்ல ஆள் இல்லாவிட்டால் போட்டி தன் பாட்டுக்கு நடந்து எங்கோ ஒரு இடம் ஜெயிக்கும். இந்த இரண்டு அடுக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

இடம் முடிவான பிறகு நடப்பதை வேகமாகச் சொல்கிறேன். சிடிசி42 ஃபார்மின் என்கிற புரதங்களை எழுப்பும், அவை அந்த இடத்திலிருந்து ஆக்டின் என்கிற புரதத்தால் ஆன கேபிள்களை செல்லுக்குள் நீட்டும். கேபிள் மேல் மையோசின் என்கிற மோட்டார் புரதங்கள் சுவர் கட்டுகிற நொதிகள் அடங்கிய சின்னப் பைகளைச் சுமந்துகொண்டு நொடிக்கு மூன்று மைக்ரான் அளவுக்கு ஓடி வரும். அதாவது ஒரு முழு செல்லை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். பைகள் வந்து சேர்கிற இடத்தில் எட்டுப் புரதம் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு அவற்றைச் சவ்வோடு கட்டி நிறுத்தும். இதற்கு நடுவில் மொட்டின் அடியில் செப்டின் என்கிற புரத இழைகள் ஒரு வளையம் போட்டுவிடும், சட்டைக் காலர் மாதிரி. அந்தக் காலர் மொட்டின் கழுத்தைக் குறுகலாகவே வைத்திருக்கும், மொட்டுக்குள் போனவை திரும்பி தாயின் பக்கம் வழிந்து போகாமலும் தடுக்கும். முதலில் மொட்டு நுனியில் மட்டும் வளரும், பிறகு செல் சுழற்சியின் இன்னொரு சிக்னல் வந்ததும் மொட்டின் மேற்பரப்பு முழுக்கப் பரவலாக வளரும். இந்த இரண்டாம் கட்டம் வராமல் போனால் மொட்டு உருண்டை ஆகாமல் வெண்டைக்காய் மாதிரி நீண்டுகொண்டே போகும். செப்டின் கெட்டுப்போன மியூட்டன்ட்களில் இதைத்தான் பார்க்கிறோம்.

வெளியிலிருந்து திசை வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈஸ்ட்டின் கல்யாணம் நல்ல உதாரணம். ஏ, ஆல்ஃபா என்று இரண்டு வகை ஈஸ்ட் உண்டு, ஆண் பெண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று விடுகிற வாசனைப் பொருளை மற்றது உணர்ந்துகொள்ளும். ஆல்ஃபா செல் விடுவது பதின்மூன்று அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதத் துண்டு. ஏ செல் அதை உணர்ந்ததும் மொட்டு விடும் திட்டத்தை நிறுத்திவிட்டு, வாசனை அதிகமாக வருகிற பக்கமாக ஒரு மூக்கை நீட்டும், செல் பேரிக்காய் மாதிரி ஆகிவிடும். ஒரு பழைய அமெரிக்க காமிக்ஸ் கதாபாத்திரத்தின் உருவம் போல இருப்பதால் ஆய்வகங்களில் இதை ஷ்மூ என்றுதான் சொல்வோம். இங்கேயும் அதே சிடிசி42 கூட்டம்தான், அதே சிடிசி24-தான். வடு காட்டிய இடத்துக்குப் பதில் வாசனை காட்டிய இடத்துக்கு அதை இழுத்து வருகிற வேலையை ஃபார்1 என்கிற புரதம் செய்கிறது. இதில் ஒரு அழகான விஷயம்: வாசனைப் பொருளைக் குடுவை முழுக்க ஒரே அளவில் கலந்துவிட்டால் செல்லுக்கு எந்தத் திசையும் தெரிய வழியில்லை. ஆனாலும் அது ஒரு பக்கமாகத்தான் மூக்கை நீட்டும்.

இனி கம்பு வடிவ ஈஸ்ட். 1893-ல் பால் லிண்ட்னர் கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறுதானிய பீரிலிருந்து பிரித்து எடுத்தது, ஸ்வாஹிலியில் பீருக்கு பொம்பே என்று பெயர், அதனால் ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பொம்பே. இது மொட்டு விடாது. கம்பு மாதிரி இரண்டு முனையிலும் நீண்டு, 14 மைக்ரான் வந்ததும் நட்டநடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரியும். இதற்கும் சிடிசி42-தான், ஆனால் முனை எது என்று காட்டுவது வேறு. செல்லின் நீளவாக்கில் நுண்குழாய்கள் (புரதத்தால் ஆன விறைப்பான மெல்லிய குழாய்கள்) ஓடுகின்றன, அவற்றின் நுனியில் டீ1 என்கிற புரதம் சவாரி செய்து போய் முனையில் இறங்கிக்கொள்கிறது. செல் நீளமாக இருப்பதால் நுண்குழாய் நீளவாக்கில் படுக்கிறது, நுண்குழாய் நீளவாக்கில் படுப்பதால் செல் நீளமாக வளர்கிறது. உருவம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிற ஒரு வட்டம். டீ1 இல்லாத செல்கள் வளைந்தும், சில சமயம் ஆங்கில டி எழுத்து மாதிரி கிளைத்தும் போகும். நிக்கோலாஸ் மின்க், பிரெட் சாங் குழு இந்த செல்களை நுண்ணிய வளைந்த பள்ளங்களுக்குள் அடைத்து வளைத்துப் பார்த்தார்கள். நுண்குழாய்கள் முனைக்குப் போகாமல் பக்கவாட்டுச் சுவரில் போய் முட்டின, முட்டின இடத்தில் புதிதாக முனைப் புரதங்கள் சேர்ந்தன.

இரண்டு முனை எப்படிச் சாத்தியம், போட்டியில் ஒன்றுதானே ஜெயிக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரிந்த உடனே இந்த செல்லும் பழைய முனையில் மட்டும்தான் வளர்கிறது, ஓரளவு நீண்ட பிறகுதான் புது முனையும் சேர்ந்துகொள்கிறது. ஃபுல்வியா வெர்டே குழு 2012-ல் காட்டியது இன்னும் அருமை: இரண்டு முனைகளிலும் சிடிசி42 நிலையாக நிற்பதில்லை, ஏறக்குறைய ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு முனையில் ஏறும்போது மறு முனையில் இறங்குகிறது, ஊஞ்சல் மாதிரி. ஆள் பற்றாக்குறை இன்னும் இருக்கிறது, ஆனால் ஜெயித்த கூட்டமே சிறிது நேரத்தில் தன்னை அணைத்துக்கொள்கிற ஒரு எதிர்வினையும் சேர்ந்துவிட்டதால் மற்றவனுக்கும் முறை வருகிறது.

இப்போது நூல் பூஞ்சைகள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆஷ்பியா காசிப்பி. பருத்திக் காயைக் கெடுக்கிற பூஞ்சையாக அறியப்பட்டது, வைட்டமின் பி2 தயாரிக்க ஆலைகளில் வளர்க்கிறார்கள். 2004-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, இதன் மரபணுக்களில் 90 சதவீதத்துக்கு மேல் ரொட்டி ஈஸ்ட்டிலும் இணை இருப்பது தெரிந்தது. சிடிசி42 உண்டு, பெம்1 உண்டு, செப்டின் உண்டு. ஆனால் ஆஷ்பியா வாழ்நாளில் ஒரு மொட்டுகூட விடாது. நூலாகவே வளரும், நன்றாக வளர்ந்த நூல் ஒரு மணி நேரத்தில் 200 மைக்ரான் வரை நீளும். ஈஸ்ட் நுனி வளர்ச்சியைத் தொடங்கி சிறிது நேரத்தில் நிறுத்திவிடுகிறது, ஆஷ்பியா தொடங்கியதை நிறுத்துவதே இல்லை. வித்தியாசம் பெரும்பாலும் நேரத்திலும் கட்டுப்பாட்டிலும்தான், உதிரிப் பாகங்கள் அதேதான்.

உண்மையான வேக நூல்களான நியூரோஸ்போரா போன்றவற்றில் நுனிக்குச் சற்றுப் பின்னால் பைகள் குவிந்து ஒரு கரும்புள்ளி மாதிரித் தெரியும். 1924-லேயே பார்த்து விவரித்திருக்கிறார்கள், ஸ்பிட்சன்கோர்ப்பர் என்ற ஜெர்மன் பெயரே இன்றும் வழக்கில் இருக்கிறது, 'நுனியில் உள்ள பொருள்' என்று அர்த்தம். அது இடப்பக்கம் நகர்ந்தால் நூல் இடப்பக்கம் திரும்பும், கலைந்தால் வளர்ச்சி நிற்கும். சாலமன் பார்ட்னிக்கி-கார்சியா 1989-ல் இதை வைத்து ஒரு எளிய கணக்கு சொன்னார்: எல்லாத் திசையிலும் சமமாகப் பைகளை எறிகிற ஒரு மையத்தைக் கற்பனை செய்யுங்கள். அந்த மையம் ஒரே இடத்தில் நின்றால் சுவர் உருண்டையாக வளரும். அதே மையம் முன்னால் நகர்ந்துகொண்டே எறிந்தால் நூலாக வளரும். உருண்டைக்கும் நூலுக்கும் நடுவே இருக்கிற தூரம் இவ்வளவுதான். நூல் போதுமான அளவு நீண்டுவிட்டால், பின்னால் வெகு தூரத்தில் இருக்கிற இடத்தை நுனியின் போட்டி எட்டாது, அங்கே புதுக் கூட்டம் சேரும், கிளை வரும்.

இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கேண்டிடா அல்பிகான்ஸ். நம் வாயிலும் குடலிலும் சாதுவாக உருண்டை வடிவில் இருக்கிற ஈஸ்ட். மனித சீரத்தில் போட்டு 37 டிகிரியில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் ஒரு குழாய் முளைக்கும். மருத்துவமனை ஆய்வகங்களில் ஜெர்ம் டியூப் டெஸ்ட் என்று செய்வது இதைத்தான். நோய் எதிர்ப்பு குறைந்த நோயாளிக்கு அந்தக் குழாய்தான் ஆபத்து, அது திசுவைத் துளைக்கும், தன்னை விழுங்கிய வெள்ளணுவையே உள்ளிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வரும். நூலாக மாற முடியாதபடி செய்த கேண்டிடா, எலிகளில் நோய் உண்டாக்கும் திறனைப் பெரிதும் இழந்துவிட்டது என்று 1997-லேயே காட்டினார்கள். சிகிச்சைக்கும் சுவர்தான் வழி. காஸ்போஃபங்கின் போன்ற மருந்துகள் பீட்டா குளுக்கான் கட்டுகிற நொதியை முடக்குகின்றன, நம் செல்லுக்கு அந்தச் சுவரே இல்லாததால் நமக்குப் பாதிப்பு குறைவு.

இரண்டாவது, நெல்லில் வருகிற குலை நோய். இலையில் விழுந்த வித்து ஒரு குழாய் விடும், குழாயின் நுனி உப்பி ஒரு குமிழ் ஆகும், அந்தக் குமிழின் சுவரில் கருப்பு மெலனின் பூசப்படும். உள்ளே கிளிசரால் சேர்ந்து அழுத்தம் சுமார் 80 வளிமண்டல அளவுக்கு ஏறும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்றைப் போல முப்பது மடங்குக்கு மேல். அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டத்தில் சுவரே இல்லாமல் விட்டிருக்கும், அந்த வட்டத்தைச் சுற்றி செப்டின் வளையம், ஈஸ்ட் மொட்டின் கழுத்தில் இருந்த அதே செப்டின். அழுத்தம் முழுவதும் அந்த வட்டம் வழியாக ஒரு ஆணியாக இறங்கி இலைத் தோலைக் குத்திவிடும். வயலில் தெளிக்கிற ட்ரைசைக்ளசோல் மெலனின் உருவாவதைத் தடுக்கிறது, மெலனின் இல்லாத குமிழில் கிளிசரால் தங்காது, அழுத்தம் ஏறாது, ஆணி இறங்காது. சைக்கிள் டியூப் கதை இங்கே வயல் வரைக்கும் வந்துவிட்டது.

கடைசிக் கேள்வி, காலேஜ் லேபில் பார்க்க முடியுமா. தாராளமாக. இட்லி மாவை எடுக்காதீர்கள், அதைப் பொங்க வைப்பது முக்கியமாக லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள், ஈஸ்ட்டைத் தேடிக் களைத்துப் போவீர்கள். கள் கிடைக்கிற ஊரில் இருந்தால் ஒரு சொட்டு போதும், இல்லாவிட்டால் கடையில் விற்கிற ரொட்டி ஈஸ்ட். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடிகட்டி, கொஞ்சம் சர்க்கரை போட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்ததும் ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அப்புறம் நன்றாக நீர்த்து, ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின் ஓரத்தை நெயில் பாலிஷ் வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். 40 லென்ஸில் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் ஓரம் தெளிவாகத் தெரியும், இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

குண்டூசித் தலை மாதிரிச் சின்ன மொட்டு உள்ள ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து, அது இருக்கிற இடத்தை வரைந்து வைத்துக்கொண்டு, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை அதே செல்லையே வரையுங்கள். மொட்டு பெரிதாகிக்கொண்டே போகும், தாய் அநேகமாக அதே அளவில் இருக்கும். கழுத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். மொட்டு தாயின் அளவை நெருங்கிய பிறகும் அது ஆரம்பத்தில் இருந்த அதே ஒரு மைக்ரான் அகலத்திலேயே நிற்கும்.